பாரிசில் படித்த போல் பாட்

வெளிநாட்டில் தங்கிப் படிப்பதும், படிப்பின் இடையே நாலு நாடுகளைச் சுற்றிப் பார்ப்பதும் மாணவரின் மனத்தை விரியச் செய்து, பிறர்மீது பரிவு கொண்டவராக அவரை ஆக்கிவிடும் என்ற நம்பிக்கை, இவ்வாண்டுச் சேர்க்கைப் பருவத்திலும் கல்விக் கண்காட்சிகளின் பளபளப்பான கையேடுகளில் கூச்சமின்றி அச்சேறியிருக்கிறது. ஆள் சேர்ப்பதற்குத் தரகு வாங்கும் முகவர்கள் இதைச் சொல்வதில் வியப்பில்லை. கல்வியாளர்களும் அதையே வேதவாக்காகத் திருப்பிச் சொல்வதுதான் சகிக்க முடியாதது.

கம்போடியாவிலிருந்து 1949இல் உதவித்தொகை பெற்று வானொலி மின்னியல் படிக்கப் பாரிசுக்கு வந்த சலோத் சார் என்ற இளைஞருக்குக் கையேடுகள் அடுக்கும் பேறுகள் யாவும் வாய்த்தன: மாணவர் விடுதி வாழ்க்கை, புதிய மொழியில் நூல்கள், நண்பர்களின் விவாத வட்டம், போதாதற்கு 1950 கோடை விடுமுறையில் யூகோஸ்லாவியா சென்று பன்னாட்டு இளைஞர்களோடு உடலுழைப்பில் ஈடுபட்ட அனுபவம். தேர்வில் தேறாமல் 1953இல் நாடு திரும்பிய அவரே பின்னாளில் போல் பாட் என்ற பெயரில், கெமர் ரூஜ் எனப்பட்ட கம்யூனிஸ்ட் இயக்கத்தின் தலைவராகி, 1975 முதல் 1979 வரை நடத்திய ஆட்சியில் நகரங்களைக் காலிசெய்து, பணத்தையே ஒழித்து, 15 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சாவுக்குக் காரணமானார். அவர் தனியாள் என்று தள்ளிவிடவும் வழியில்லை. அவருடைய சகா இயெங் சாரி படித்ததும் பாரிசில்தான், இன்னொரு சகா கியூ சம்பானோ 1959இல் அங்கே பொருளியலில் முனைவர் பட்டமே பெற்றவர்.

ஐரோப்பிய மாணவர்கள் சில மாதங்களோ ஓராண்டோ வேற்று நாட்டில் படித்துத் திரும்ப வழிசெய்யும், 1987இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம் இந்நம்பிக்கையின் மூலக்கோயில். போனவர்கள் திறந்த மனத்தோடு திரும்புகிறார்கள் என்று கணக்குக் காட்டுவோர், திறந்த மனமும் வீட்டில் ஓரளவு பணமும் ஏற்கெனவே உள்ளவர்களே பெரும்பாலும் புறப்படுகிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. இத்திட்டத்தால் இணைந்த இணையர்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கலாம் என்று 2014இல் ஐரோப்பிய ஆணையம் மதிப்பிட்டுப் பூரித்தது. காதல் அரும்பியதை யார் மறுத்தார்? போல் பாட் மணந்ததும் பாரிசில் படித்த கம்போடியப் பெண்ணைத்தான்.

இந்திய மாணவரின் பாடு இன்னும் பரிதாபமானது. ஜெர்மனி விசாவுக்காக, மாதந்தோறும் 992 யூரோவை மட்டும் அளந்து விடுவிக்கும் ‘பிளாக்டு அக்கவுண்ட்’ என்ற கணக்கில் ஓராண்டுக்குரிய 11,904 யூரோவை முன்கூட்டியே கட்டிவிட்டு வரும் அவர், ஆண்டுக்கு 140 முழுநாள் என்ற வேலை வரம்புக்குள் கிடங்கில் பெட்டி அடுக்கி, ஊர்க்காரர்களோடு பகிர்ந்துகொண்ட வீட்டில் முந்தாநாள் சாம்பாரைச் சுடவைத்துத் தின்று காலம் தள்ளுகிறார். விடுமுறை கிடைத்தால் இரவுப் பேருந்தில் கழுத்து வலிக்கத் தூங்கி, விடியற்காலையில் பாரிசில் இறங்கி, ஈபிள் கோபுரத்தின் முன் படம் எடுத்து, கட்டிவந்த புளியோதரையைப் பூங்கா இருக்கையில் பிரித்து உண்டுவிட்டு அன்றிரவே அடுத்த நாட்டுக்குப் பேருந்து ஏறுகிறார். பிரெஞ்சு மக்களோடு அவர் நிகழ்த்திய பண்பாட்டுப் பரிமாற்றம் என்பது கழிப்பறை வாசலில் சில்லறை கேட்டவருடன் முடிந்துவிடுகிறது. இதில் அவர் குற்றம் ஏதுமில்லை, ஆனால் மனவிரிவும் ஏதுமில்லை. போல் பாட்டாவது பாரிசில் மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தார்.

ஐ.இ.எல்.டி.எஸ். எனப்படும் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்கூட இரண்டாண்டில் காலாவதியாகிவிடுகிறது. ‘ஃபாரின்ல படிச்சவர்’ என்ற அடைமொழிக்கு மட்டும் ஆயுள் முழுதும் செல்லுபடி. உள்ளூர்க் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் படித்துத் தேறியவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஒரு பருவம் வெளிநாட்டில் இருந்தவரை நேர்காணலுக்கு முதலில் அழைக்கும் நிறுவனங்கள் இதற்கு ஒரு சான்று. திருமணச் சந்தையோ அதைச் சவரன் கணக்கிலேயே பெயர்த்துவிடுகிறது; கல்விக்கடனின் மிச்சத் தவணைகளைப் பெண் வீட்டார் தலையில் கட்டப் பெற்றோர் பேரம் பேசும்போது, பன்னிரண்டு நாடுகளைப் பார்த்துத் திரும்பிய மாப்பிள்ளை தலையைக் குனிந்து கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டிருக்கிறார்.