ரேஸிங் சைலன்சராம், ரேஸிங்!

ஆண்டுக் கணக்கு முடிப்பில் மாட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தே ஒரு மாசம் ஆச்சு. இன்றைக்கும் வந்திருக்க மாட்டேன், என் பையன் வர வைத்துவிட்டான்.

புல்லட் வாங்கிக் கொடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது. போன வாரம் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு, உள்ளே தடுப்பே இல்லாத ஒரு குழாயை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான். 5,000 ரூபாயாம். கேட்டால், "ரேஸிங் சைலன்சர்ப்பா, பவர் கூடும்" என்கிறான். ராத்திரி பதினொன்றரைக்கு இவன் கேட்டுக்குள் நுழைந்தால் நாலாவது மாடியில் கைக்குழந்தை அலறுகிறது.

அந்த 'ரேஸிங்' என்ற வார்த்தையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. 2018 நவம்பரில், பூனாவுக்கு மாற்றல் ஆவதற்கு முன், விஜயவாடாவில் இருந்தேன். கிருஷ்ணா நதியில் எஃப்1 படகுப் போட்டி நடந்தது. இவனையும் கூட்டிப் போனேன், அப்போது ஆறாம் வகுப்பு. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார்தான். இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 400 குதிரைசக்தி. காது கிழிந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே யாரும் சத்தத்துக்காகக் குழாயை வெட்டவில்லை. (அன்றைக்கு ஆரம்பித்த கிறுக்கு, நான் இந்த மோட்டார்களைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன். பி.காம்காரனுக்கு எதற்கு இது என்று வீட்டம்மா கேட்பதுண்டு.)

சாதாரண அவுட்போர்டில் புகை ப்ரொப்பெல்லரின் நடுவழியாகத் தண்ணீருக்குள் போய்விடும், அதனால் சத்தம் அடங்கும். ரேஸ்காரர்கள் பலர் அந்தப் பாதையைக் குட்டையாக்கி மேலேயே திறந்துவிடுவார்கள். ஆனால் எப்படி? டூ ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும்போது புதுக் கலவையும் கொஞ்சம் கூடவே நழுவும். குழாயில் ஓடும் அழுத்த அலை திரும்பி வந்து அதை மறுபடி உள்ளே தள்ள வேண்டும். குழாயின் நீளம், அகலம் எல்லாம் அந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேருவதற்காகத்தான். நேரம் தப்பினால் பவரும் போச்சு.

அதைவிட முக்கியம் சீல். எக்ஸாஸ்ட் மூடியின் கேஸ்கெட் கசிந்தால், எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரே சிலிண்டருக்குள் புகுந்துவிடும். மேல்மூடிக்குள் புகை கசிந்தால், எஞ்சின் அந்தப் புகையையே மூச்சாக இழுத்துத் திணறும். அதனால்தான் முகப்பைத் தேய்த்துச் சமன் செய்து, புது கேஸ்கெட் வைத்து, ஒவ்வொரு போல்ட்டையும் வரிசைப்படி, அளவு பார்த்து முறுக்குகிறார்கள்.

நம்ம பையன் குழாயைக் குனிந்து பார்த்தேன். இணைப்பில் கேஸ்கெட்டே இல்லை. சுற்றிலும் கரி. அவன் வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், ஃப்யூயல் இன்ஜெக்ஷன். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல் குறைகிறது என்று நினைத்து எஞ்சின் இன்னும் ஊற்றும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று அவனே புலம்பினான். பவராம்!

தமிழ்ச் சங்கத்து நண்பர் ஒருவர், "சின்ன வயசு, விடுங்க சார்" என்கிறார். எப்படி விடுவது? குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் அனுமதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் போகும். வண்டி என் பேரில், ஹைப்பாதிகேஷன் வங்கியின் பேரில். அடமானச் சொத்தை வெட்டி ஒட்டியவனின் அப்பா லோன் ஆபீசர்! நாளைக்கு விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரன் முதலில் இதைத்தான் கேட்பான்.

நிஜ டிராக்கில் ஓட்டுகிறேன் என்று சொல்லட்டும், நானே பணம் கட்டுகிறேன்.

பழைய சைலன்சர் பால்கனியில், துளசித் தொட்டிக்குப் பின்னால் இருக்கிறது. புது கேஸ்கெட் 120 ரூபாய், நேற்றே வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை அவன்தான் மாட்ட வேண்டும், நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன். இதுவரை என்னோடு பேசவில்லை.