காயப்பட்ட கோழியும் கறிச்சட்டியும்

நாய் கடித்த கோழியை, கீரி கவ்விவிட்ட கோழியைக் கண்டதும், "இனி இது தப்பாது, அறுத்துக் கறியாக்குவோம்" என்று சொல்வது எம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. மனிதருக்கே மருந்து தட்டுப்பாடான இடத்தில் கோழிக்கு வைத்தியமா என்று கேட்போரும் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், இடம்பெயர்ந்த குடும்பமே காயப்பட்ட கோழியை மற்ற எவரையும்விடக் கவனமாகப் பராமரிக்க வேண்டும் என்பது எமது கருத்து.

1990இலும், 1995 ஐப்பசியிலும், 2008, 2009ஆம் ஆண்டுகளிலும் ஊரைவிட்டுப் புறப்பட்ட கமக்காரரால் வயலையோ கிணற்றையோ தூக்கிச் செல்ல முடியவில்லை. மாடுகளையும் பலர் அவிழ்த்துவிட்டே வந்தனர். கோழி அப்படியன்று. கடகத்துள் வைத்துக் கொண்டு போகலாம். இரவற் காணியின் மூலையிலும் வளர்க்கலாம். முட்டை விற்ற காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிலேயே இருக்கும். பிள்ளையின் கொப்பிக்கும் பஸ் காசுக்கும் அதுவே உதவும். கறியாக்கினால் ஒருநேரச் சாப்பாடு. பிழைக்க வைத்தாலோ, அதே பேடு மீண்டும் முட்டையிட்டு, 21 நாள் அடைகிடந்து, குஞ்சுகளோடு எழும்பும். புதிதாக ஒரு பேடு வாங்க வசதியற்றவருக்கு இது சிறிய விடயமல்ல.

இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. முதலில் இரத்தம் வடியும் இடத்தைச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கொதித்தாறிய நீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவுங்கள். மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் பூசும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். அவை புண்ணை மேலும் எரித்துக் கெடுக்கும். பின்னர் கோழியை ஒரு பெட்டியில், சாக்கு விரித்து, இருட்டும் கதகதப்புமான இடத்தில் தனியாக வையுங்கள். தனியாக வைப்பது மிக முக்கியம். சிவந்த புண்ணைக் கண்டால் மற்றக் கோழிகள் கொத்தியே கொன்றுவிடும். ஈ மொய்த்துப் புழு வைக்காதபடி பெட்டியை மெல்லிய துணியால் மூடி, காலையும் மாலையும் காயத்தைப் பாருங்கள்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றக் கூடாது. கோழியின் மூச்சுத் துவாரம் நாக்கின் பின்புறத்திலேயே இருப்பதால் நீர் நுரையீரலுக்குப் போய்விடும். சொண்டின் ஓரத்தில் துளித்துளியாக விட்டால் தானே விழுங்கும். அதன்பின் குறுணற் கஞ்சி கொடுக்கலாம். இரண்டு மூன்று நாளில் தானாகத் தீனி கொத்தத் தொடங்கினால் நம்பிக்கை வைக்கலாம்.

எல்லாக் கோழிகளையும் காப்பாற்றலாம் என்று நாம் சொல்லவில்லை. குடல் வெளியே வந்த, முதுகு முறிந்த கோழியை வதைபட விடாது முடித்துவிடுவதே இரக்கம். காயம் எதுவுமின்றி, பச்சையாகக் கழிந்து, வாய் திறந்து மூச்சு வாங்கி, கழுத்துத் திருகி நிற்குமாயின் அது நியூகாசில் நோயாக இருக்கலாம். அதற்குத் தடுப்பூசி உண்டு, வந்தபின் மருந்தில்லை. அந்தக் கோழியை அறுத்து அயலாருக்குப் பங்கிடுவதும், சந்தையில் தள்ளிவிடுவதும் ஊர்க் கோழிகள் யாவற்றுக்கும் நோயைக் கொடுக்கும் செயலாகும். கொட்டில்கள் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒரு வீட்டுக் கவலையீனம் பத்து வீட்டு இழப்பாகும். அத்தகைய கோழியை உடனே ஒதுக்கி, அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். செத்தவற்றை ஆழமாகப் புதையுங்கள்.

காயமா, தொற்றுநோயா என்று பிரித்தறியத் தெரிந்தால் போதும், மிகுதி பொறுமைதான். இந்தப் பொறுப்பைப் பிள்ளைகளிடமும் கொடுங்கள். வீட்டையும் விளையாட்டு முற்றத்தையும் இழந்த பிள்ளைக்கு, தான் கஞ்சி ஊட்டிய கோழி எழுந்து நடப்பதைப் பார்ப்பது பெரிய ஆறுதல். ஆகவே, கத்தியை எடுக்குமுன் பெட்டியைத் தேடுங்கள்.