ஆளில்லாத கடற்கரை எங்கே இருக்கிறது?

ஆடி மாதம் நெருங்கினால் போதும். இலண்டனிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் நண்பர்களின் விசாரிப்புகள் வரத் தொடங்கிவிடும். "குடும்பத்துடன் வருகிறோம். சனக்கூட்டம் இல்லாத, அமைதியான கிராமத்துக் கடற்கரை ஒன்று சொல்லுங்கள். அங்கே என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம்?" பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவனுக்கு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. நம்பிக்கைக்கு நன்றி. ஆயினும் அந்தக் கேள்வியின் முற்பாதியோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. நான் தொழில் நிமித்தம் அலைந்த கரைகளில் சனம் இல்லாத கரையைக் கண்டதில்லை. சனம் இல்லாததாக ஆக்கப்பட்ட கரைகளையே கண்டிருக்கிறேன்.

நான் வாழும் கொச்சிக்கடைக்குக் கடல் கூப்பிடு தூரம். ஆனால் கால் நனைக்க வழியில்லை. 1885 இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைத்தடுப்பு கட்டி முடிக்கப்பட்டது. அதன்பின் வளர்ந்த துறைமுகம் இந்தக் கரையைத் தன் மதிலுக்குள் எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் எங்கள் அந்தோனியார் கோயிலின் கதையே கடலில்தான் தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், கொச்சியிலிருந்து வந்து மறைந்து வாழ்ந்த குருவானவர் ஒருவர், கடலரிப்பால் கலங்கிய மீனவருக்காகக் கரையிலே சிலுவை நட்டு மன்றாடினார் என்பது மரபு. கடலை நோக்கி மன்றாடிய இடத்தில் இன்று கொள்கலன்களே தெரிகின்றன.

ஆகவே எங்கள் சனம் கடலைத் தேடி வெளியூர் போயிற்று. கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைத் தமிழருக்குக் கிராமத்துக் கடற்கரை விடுமுறை ஒன்றும் புதிய பண்டமன்று. அரிசி, பருப்பு, அலுமினியப் பானை, பாய் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு, கற்பிட்டிக் குடாநாட்டிலுள்ள தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்திற்குப் போய்ச் சில நாட்கள் தங்குவார்கள். நீர்கொழும்பு, சிலாபம், பாலாவி, நுரைச்சோலை என்று வழி நீளும். மணலிலே கொட்டில், மூன்று கற்களில் அடுப்பு, விடியற்காலையில் திருப்பலி, மாலையில் கடற்குளிப்பு. அண்டைக் கொட்டிலில் சிங்களக் குடும்பம். கறி மாறும், கதை மாறும். இதற்குச் 'சுற்றுலா' என்று எவரும் பெயர் சூட்டவில்லை. எனவே எந்தச் சுற்றுலாக் கையேடும் இதைக் கணக்கில் எடுப்பதுமில்லை.

இன்று அதே குடாநாடுதான் 'இன்னும் கண்டுபிடிக்கப்படாத சொர்க்கம்' என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. கண்டுபிடிக்கப்படாததா? ஆலங்குடா, நுரைச்சோலை, உச்சமுனை... இப்பெயர்களை இட்டவர் யார்? குடாவைக் குடா என்றும் முனையை முனை என்றும் தமிழில் அழைத்தவர்கள் அங்கே நின்றுதானே அழைத்திருப்பார்கள்! 1344 இல் இபுனு பதூதா கரையிறங்கிய கடலோரம் இது. ஒல்லாந்தர் 1667 இல் கோட்டை கட்டத் தொடங்கிய இடம் கற்பிட்டி. ஊர் இருந்ததால்தான் கோட்டை வந்தது.

'வெறுங்கரை' என்ற சொல் அறியாமையால் பிறப்பதில்லை, தேவையால் பிறப்பது. ஆள் இருந்தால் கேட்க வேண்டும். ஆள் இல்லையென்றால் எடுத்துக்கொள்ளலாம். 2000களில் கற்பிட்டிச் சுற்றுலாத் திட்டம் 14 தீவுகளைக் குறிவைத்து வரையப்பட்டது. அவற்றில் முகத்துவாரம், உச்சமுனை போன்ற இடங்களில் மீனவக் குடும்பங்கள் பரம்பரையாக வாழ்ந்தன. பலர் கையில் காணி உறுதி இருக்கவில்லை. தாத்தாவின் புதைகுழி இருந்தது, உறுதிப்பத்திரம் இல்லை. வரைபடத்தில் புதைகுழிகளுக்குக் குறியீடு கிடையாதே!

இதைவிடக் கசப்பான பாடத்தை ஆழிப்பேரலை கற்பித்தது. 2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் எல்லைக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பாதுகாப்புக்காகவாம். நல்லது. ஆனால் சுற்றுலா விடுதிகளுக்கு அதே எல்லைக்குள் விலக்கு வழங்கப்பட்டது. கடல் மீனவனை மட்டும்தான் அடித்துச் செல்லும், உல்லாசப் பயணியை விட்டுவிடும் என்று எந்த விஞ்ஞானி சொன்னார்? எதிர்ப்புகளின் பின் அவ்விதி தளர்த்தப்பட்டது. எனினும் அந்த விதி வெளிப்படுத்திய மனப்பாங்கு தளரவில்லை.

காற்றை எடுத்துக்கொள்வோம். கற்பிட்டியில் பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் விளையாட்டுக்கு மே முதல் ஒக்டோபர் வரை உகந்த காலம் என்று கையேடுகள் எழுதுகின்றன. அது சோளகக் காற்றுக் காலம். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்கள் அவை. நீர்கொழும்புப் பக்கத்து மீனவர் பலர் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து வாடி அமைக்கும் காலமும் அதுவே. ஒருவருக்கு விளையாட்டுப் பருவம், மற்றவருக்கு வயிற்றுப் பருவம். முதலாவதை மட்டும் சொல்லும் கையேட்டைப் பாதிப் பொய் என்பேன்.

"சுற்றுலா வந்தால் பிழைப்பு வரும்தானே, ஐயா?" என்று கேட்பீர்கள். வரும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில்களைக் காட்டப் படகோட்டிச் சம்பாதிக்கும் இளைஞர்கள் அங்கே உண்டு. அவர்களது வருமானத்தைப் பழிக்க நான் யார்? சுற்றுலாவோடு எனக்குப் பகையில்லை. விருந்தாளி வருவதற்காக வீட்டுக்காரனை வெளியேற்றும் விருந்தோம்பலைத்தான் எதிர்க்கிறேன். ஒருமுறை ஒரு கடற்கரை விடுதியின் முன்னால் ஈர மணலில் நடந்துகொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்து, "இது தனியார் இடம்" என்றார். பெயர் வேண்டாம், ஒரு விடுதியின் குணமன்று இது. அலை வந்து போகும் மணலுக்கும் உறுதி முடித்துவிட்டார்களோ! 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரையும் தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. அதற்குள் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி பெறவேண்டும். சட்டம் இருக்கிறது, கேட்பதற்கு ஆள்தான் இல்லை.

அப்படியானால் என்ன பார்ப்பது, என்ன செய்வது? சொல்கிறேன்.

உடப்புக்குப் போங்கள். கரைவலை இழுக்கும் நேரத்தில் ஒதுங்கி நின்று பாருங்கள். அம்பா பாடும் பழக்கமுள்ள முதியவர் எவரேனும் இருந்தால், பாடச் சொல்லிக் கேளுங்கள். ஆடியில் போனால் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைக் காணலாம். நீர்கொழும்பு, சிலாபக் கரைகளில் முதியவர்களோடு தமிழில் பேசிப் பாருங்கள். பாட்டி தமிழில் பதில் சொல்வார். பேரனுக்கு அது விளங்காது. பள்ளிக்கூட மொழி மாறியதால் இரண்டு மூன்று தலைமுறைகளில் நடந்த மாற்றம் இது. தமிழ் எங்கே தேய்கிறது என்று மாநாடு கூட்டி ஆராய்பவர்கள் அரைநாள் அக்கரையில் நடந்தால் போதும்.

பாலாவியிலிருந்து கற்பிட்டி போகும் வழியில் வாகனத்தை நிறுத்துங்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். யாழ்ப்பாணத்துத் தமிழும் மன்னார்த் தமிழும் அந்தக் குடியிருப்புகளில் இன்னும் கேட்கும். ஒரு தேநீர் குடித்துவிட்டு அவர்களது கதையையும் கேளுங்கள். நம்மவருக்கு அது இனிக்காது. இனிப்பதை மட்டும் கேட்கவா இத்தனை தூரம் பறந்து வருகிறீர்கள்?

தலவிலவில் ஓர் இரவு தங்குங்கள். விடுதியில் தங்குவதாயின் முற்பதிவுக்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தக் காணியில் முன்பு யார் இருந்தார்? கரைக்குப் போக ஊராருக்கு வழி விட்டிருக்கிறீர்களா? ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறீர்களா? பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். உங்கள் பவுணுக்கும் டொலருக்கும் எங்கள் மனுக்களைவிடச் செல்வாக்கு அதிகம் என்பது வெட்கக்கேடான உண்மை. அந்தச் செல்வாக்கை ஒருமுறையாவது கரையில் வாழ்பவன் பக்கம் செலவிடுங்கள்.

வாங்க விரும்பினால் கருவாடு வாங்குங்கள். அதைக் காயவைத்த பெண்ணிடமே வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.