மார்த்தாளைத் திட்டாதீர்கள்!

எங்கள் சபையில் வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மார்த்தாள், மரியாள் பற்றிப் பிரசங்கம் வந்துவிடும். கதை தெரியாத சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இயேசு ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வருகிறார். தங்கை மரியாள் அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறாள். அக்கா மார்த்தாள் சமையல், பரிமாறல் என்று அல்லாடுகிறாள். பொறுக்க முடியாமல், "இவளை எனக்கு உதவி செய்யச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டு விடுகிறாள். நீ பல காரியங்களுக்காகக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய், மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று பதில் வருகிறது.

பிரசங்கியார் இதைச் சொல்லிவிட்டு, "பெண்களே, அடுப்படியே கதி என்று இருக்காதீர்கள்" என்று முடிப்பார். அன்று காலை 5 மணிக்கு எழுந்து, இட்லி அவித்து, மதியத்துக்குக் கறியும் வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் எங்களுக்கு எப்படி இருக்கும்? ஆராதனை முடிந்ததும் அந்தக் கறியைச் சாப்பிடப் போவது யாராம்!

எனக்கு வயது 58. பி.எஸ்சி. படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. 2011-ல் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு ஆசிரியை வீட்டுக்கு வந்தார். நான் உள்ளே தோசை சுட்டுக் கொண்டிருந்தேன். "உங்க வீட்டம்மா என்ன வேலை பாக்காங்க?" என்று அவர் கேட்க, என் வீட்டுக்காரர், "வேலை ஒண்ணும் இல்ல, வீட்டுல சும்மாதான் இருக்கா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் அந்த 'சும்மா' என்ற சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டு வேலை மட்டும் செய்கிற பெண்களை 'வேலை செய்யாதவர்' என்றுதானே கணக்கெடுப்பிலும் சேர்க்கிறார்கள்!

2017-ல் என் மாமியார் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தார். இரண்டு வருடம் எல்லாம் கட்டிலிலேதான். துணி மாற்றுவது, துடைத்து விடுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் நானே. காலையில் ஜெபத்தில் உட்கார்ந்தால் நன்றி வராது, புலம்பல்தான் வரும். "ஆண்டவரே, இதுக்குத்தானா என்னைப் படைச்சீங்க?" என்று கேட்பேன். ஒருநாள் எரிச்சலில் கஞ்சித் தட்டை 'டங்' என்று ஸ்டூல் மேல் வைத்தேன். அத்தை என் முகத்தையே பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் உனக்குப் பாரமா இருக்கேனா?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று இரவு தூங்கவில்லை.

அந்த வருடம் எங்கள் ஆலயத்தில் அசனப் பண்டிகை வந்தது. திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவர்களுக்கு அசனம் என்றால் ஊரே கூடிச் சமைத்து, சாதி, பணம் பார்க்காமல் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அத்தைக்குத் துணையாக நாத்தனாரை விட்டுவிட்டு நானும் போனேன். மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம். நாற்பது, ஐம்பது பெண்கள் பாயில் உட்கார்ந்து உரித்தோம். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு! ஒருத்தி பாட்டை எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து பாட, மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போதுதான் யோசித்தேன். வீட்டில் கால் கிலோ வெங்காயம் உரிக்க அலுத்துக் கொள்கிற நான், அங்கே எப்படிச் சந்தோஷமாக உரித்தேன்? வெங்காயம் ஒன்றுதான், கையும் ஒன்றுதான். ஆனால் அங்கே யாருக்காகச் செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. பக்கத்தில் கூட்டு இருந்தது. செய்ததை நாலு பேர் பார்த்தார்கள். என் வீட்டில் இந்த மூன்றுமே இல்லை!

அன்று இரவு வேதாகமத்தை எடுத்து மார்த்தாளைத் தேடிப் படித்தேன். லூக்கா சுவிசேஷத்தோடு அவள் கதை முடியவில்லை. யோவான் 11-ல் தம்பி லாசரு இறந்த துக்கத்திலும் இயேசுவை எதிர்கொண்டு போய், நீரே கிறிஸ்து என்று அறிக்கை செய்வது அதே மார்த்தாள்தான். 12-ம் அதிகாரத்தில் மறுபடியும் ஒரு விருந்து. மறுபடியும் மார்த்தாள் பரிமாறுகிறாள். இந்தத் தடவை அவள் முறையிடவில்லை, இயேசுவும் கண்டிக்கவில்லை. அப்படியானால் முதலில் அவர் திருத்தியது அவள் வேலையை அல்ல, அவள் மனக்கலக்கத்தை! வேலை அப்படியேதான் இருக்கிறது. செய்கிறவள் மாறியிருக்கிறாள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. உயிர்த்தெழுந்த பிறகு இயேசு கடற்கரையில் என்ன செய்தார் தெரியுமா? இரவெல்லாம் வலைபோட்டுக் களைத்து வந்த சீஷர்களுக்காக, கரிநெருப்பில் மீனும் அப்பமும் தயாராக வைத்து, சாப்பிட வாருங்கள் என்று கூப்பிட்டார். மரணத்தை ஜெயித்தவருக்கே அடுப்பு கேவலமாகத் தெரியவில்லை! நமக்கு ஏன் தெரிய வேண்டும்?

17-ம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்பு போர்வீரர். காயம்பட்டு நொண்டி நடப்பவர். மடத்தில் கிடைத்தது சமையலறை வேலை. அவருக்கு அந்த வேலை பிடிக்கவே பிடிக்காது! ஆனாலும் ஒவ்வொன்றையும் கடவுளுக்காகச் செய்கிறேன் என்று செய்து பழகினார். கோயிலில் முழங்காலில் நிற்கும்போது இருக்கும் அதே அமைதியை, சட்டி பானைச் சத்தத்துக்கு நடுவிலும் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். பழக வருடங்கள் ஆயின என்பதையும் ஒளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது.

நானும் பழகிப் பார்த்தேன். அத்தைக்குத் துடைத்து விடும்போது, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியதை நினைத்துக் கொள்வேன். ஒரே நாளில் தேவதையாகி விடவில்லை. பத்து நாளில் நாலு நாள் எரிச்சல் வரத்தான் செய்தது. ஆனால் தட்டை 'டங்' என்று வைப்பது நின்றது. ஒருநாள், "அன்னைக்குக் கேட்டீங்களே அத்தை, பாரமெல்லாம் இல்ல" என்றேன். அவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

இத்தோடு நிறுத்தினால் நானும் பிரசங்கியார் மாதிரி ஆகிவிடுவேன். "எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்" என்று பெண்களுக்குப் புத்தி சொல்கிறவர்கள் கொலோசெயர் 3-ம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அது அடிமைகளுக்கு எழுதப்பட்டது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே எஜமான்களைப் பார்த்து, நியாயமாகவும் ஒழுங்காகவும் நடத்துங்கள் என்கிறது. அதை ஏன் சேர்த்துப் படிப்பதில்லை? சந்தோஷமாகச் செய் என்பது வேறு, நீயே எல்லாவற்றையும் செய் என்பது வேறு!

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு! 2023 செப்டம்பரில் தமிழக அரசு குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, 'உதவித்தொகை' என்று சொல்லாமல் 'உரிமைத்தொகை' என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. தொகையைவிட, 'சும்மா இல்லை' என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

அசனத்தில் கற்ற பாடத்தை என் வீட்டுக்காரரிடம் அப்போதே சொன்னேன். "எனக்குக் கூட்டு வேணும். உங்க அம்மாவுக்கு ராத்திரிக் கஞ்சியை நீங்க கொடுங்க" என்றேன். முதலில் முனங்கினார். பாதிக் கஞ்சி தலையணையில் சிந்தியது. ஒரு வாரத்தில் பழகிவிட்டார். அம்மாவும் பிள்ளையும் பழைய கதை பேசிச் சிரிக்கும் சத்தம் அடுப்படி வரை கேட்கும். 2019-ல் அத்தை கர்த்தருக்குள் நித்திரை அடைந்தபோது, "கடைசிக் காலத்துல என் கையாலயும் கொடுத்தேன்" என்று அவர் சொல்லி அழுதார். அந்த ஆறுதலை நான் ஒருத்தியே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்திருந்தால் அவருக்குக் கிடைத்திருக்குமா?

ஆகவே, பிரசங்கம் செய்கிற ஐயாமார்களே, அடுத்த தடவை மார்த்தாளைப் பற்றிப் பேசும்போது யோவான் 12 வரை படித்துவிட்டு வாருங்கள். அப்படியே, ஆண்களையும் மார்த்தாளுக்குக் கை கொடுக்கச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி. நாளைக் காலை அடுப்பைப் பற்ற வைக்கும்போது, 'யாருக்காக?' என்று ஒரு நிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். பதில் கிடைத்தால் கை சுறுசுறுப்பாகும். பிறகு உரக்கக் கூப்பிடுங்கள்: "யாராவது வந்து இந்த வெங்காயத்தை உரிங்க!"

- ஒரு வாசகி, பாளையங்கோட்டை