ரூம் கிடைச்சுதா?

திருப்பதி போய்விட்டு வந்தவரிடம் வேலூர், சித்தூர் பக்கத்தில் முதலில் கேட்பது "தரிசனம் நல்லா ஆச்சா?" அடுத்து, "ரூம் கிடைச்சுதா?" லட்டு எத்தனை வாங்கினீர்கள் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அறை கிடைத்தவர் யார் சிபாரிசு என்பதில் ஆரம்பித்து ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது வரை சொல்லுவார். கிடைக்காதவர், "எங்க... ஷெட்டுலயே படுத்துக்கிட்டோம்" என்று பேச்சை முடித்துவிடுவார்.

சாமி பார்க்கக் காசு வேண்டாம். சர்வதரிசனம் இலவசம். 1985 ஏப்ரலில் என்.டி. ராமாராவ் தொடங்கி வைத்த அன்னதானம் வளர்ந்து, வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடத்தில் யார் வந்தாலும் இலை போடுகிறார்கள். பஸ்ஸுக்குக் கொடுக்க முடியாதவர் அலிபிரி வழியாக 3,550 படி ஏறிப் போகலாம். ஏழைக் குடும்பத்துக்கு மிஞ்சுகிற பெரிய செலவு ராத்தங்கல்தான். பஸ் கட்டணத்தை வீட்டிலேயே எண்ணி முடிந்து வைத்துக்கொள்ளலாம். தங்குவதற்கு எவ்வளவு ஆகும், இடம் கிடைக்குமா கிடைக்காதா என்பது அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியும். இந்த வாரம் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

கீழ்த்திருப்பதி மலைக்கு வருகிறவர்களும் மலையில் ஊழியம் செய்கிறவர்களும் தங்குவதற்காக வளர்ந்த ஊர். கோவிந்தராஜப் பெருமாளை இராமாநுஜர் பிரதிஷ்டை செய்து, சுற்றிலும் வீதிகள் அமைத்தார் என்பது மரபு. அந்த நாளை 1130 பிப்ரவரி 24 என்று கணக்கிட்டு, 2022 முதல் ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் சந்திரகிரியிலிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மன் காலத்தில் மலைமேலும் கீழேயும் இராமாநுஜகூடங்கள் ஏற்பட்டன. கந்தாடை இராமாநுஜ ஐயங்கார் பொறுப்பில் இருந்த அந்தக் கூடங்களுக்குக் கோயில் பிரசாதத்தில் பங்கு உண்டு. அது யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்குப் போயிற்று. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. அவற்றைப் படிக்கிறவர்களுக்கு, நகையும் நிலமும் கொடுத்தவர்களின் வரிசைக்கு நடுவே, வருகிறவன் பசியோடு போகக் கூடாது என்று ஏற்பாடு செய்து வைத்தவர்களும் கண்ணில் படுவார்கள். எனக்கு இவர்கள்தான் பெரிய கொடையாளிகள். பிறகு 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகள் நிர்வாகம், 1933இல் தேவஸ்தானம் என்று கை மாறியது. 1944இல் மலைப்பாதை போட்டு வண்டி ஏறத் தொடங்கிய பிறகு, "மேலேயே ஒரு ராத்திரி தங்கிவிட்டு வருவோம்" என்ற ஆசை எல்லோருக்கும் வந்தது. அறைக்கு அலைச்சல் அன்றைக்கு ஆரம்பித்ததுதான்.

கீழே ரயில் நிலையத்தைச் சுற்றியும் தேர்வீதிகளிலும் இருக்கிற சின்ன லாட்ஜ்களில் தங்கியவர்களுக்கு அந்த அறை கண்ணை மூடினாலும் தெரியும். இரண்டு இரும்புக் கட்டில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் அலமேலுமங்கையோடு பெருமாள் படம் போட்ட காலண்டர். காலை 4 மணியிலிருந்து 7 மணி வரைதான் வெந்நீர். அதற்கும் வராந்தாக் கோடியில் இருக்கிற குழாயில் வாளி வைத்துப் பிடிக்க வேண்டும். நான் கடைசியாகத் தங்கிய அறையில் தலையணை உறை வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம், எத்தனை முறை துவைத்தும் போகாதது. மொட்டை போட்ட தலையில் பூசிய சந்தனம். எந்தெந்த ஊர்க் குழந்தைகளோ, முடியிறக்கிய களைப்பில் அதில் தலைவைத்துத் தூங்கியிருக்கிறார்கள். முகம் சுளிக்கத் தோன்றவில்லை. உறையைத் திருப்பிப் போடாமல் அப்படியே படுத்தேன்.

பக்கத்து அறையில் ஆரணிப் பக்கத்துக் குடும்பம். இரண்டு பேருக்கான அறையில் பெரியவர்களும் பிள்ளைகளுமாகப் பத்துப் பேருக்குக் குறையாது. கட்டில்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டுத் தரையில் போர்வை விரித்து, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்தார்கள். எனக்கும் ஒரு வாழையிலைத் துண்டில் வந்தது. "எக்ஸ்ட்ரா ஆளுக்குக் காசு கேப்பாங்களேம்மா?" என்றேன். "கேட்டாங்க சார். ரூம்பு பாக்குற தம்பிதான், கொழந்தைங்கள எல்லாம் ஆள் கணக்குல சேக்காதீங்கன்னு சொல்லிட்டுச்சு" என்றார் அந்த அம்மா. ரூம் பாய் என்று நாம் கூப்பிடுகிற இந்தப் பையன்கள்தான் எத்தனையோ குடும்பங்களின் திருப்பதிச் செலவைக் கொஞ்சமாவது குறைத்துக் கொடுக்கிறார்கள்.

கவுண்டரில் இருப்பவருக்குத் தமிழ் தெரியும். தெரியாமல் அந்தத் தொழில் நடக்காது. சித்தூர் மாவட்டம் 1911இல் உண்டானது. 1960இல் திருத்தணி அதிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியே தனி மாவட்டமானது. எல்லை எத்தனை முறை நகர்ந்தாலும், "எத்தனை பேருங்க? ஃபேமிலியா?" என்று தமிழில் கேட்பது நகரவில்லை.

அந்த "ஃபேமிலியா?"தான் என்னை இத்தனை நாளாக உறுத்துகிறது. குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி தனியாக வந்து நின்றார். ஆதார் அட்டையை நீட்டினார். கூட யார் என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றார். அறை இல்லை என்று பதில் வந்தது. காசுக்காகத்தான் தயங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து மேஜைமேல் வைத்து, "காசு இருக்குது தம்பி, எண்ணிப் பாரு" என்றார். கவுண்டரில் இருந்தவருக்கும் சங்கடம். "காசு இல்லம்மா விஷயம். தனி ஆளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு" என்றார். வெளியே வந்து, ஸ்டேஷன் எதிரில் இருக்கிற விஷ்ணு நிவாசத்துக்கு வழி காட்டினார். அங்கே இலவசக் கூடம் இருக்கிறது, லாக்கர் கொடுப்பார்கள், போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தனியாக வருகிறவருக்கு அறை இல்லை என்பது திருப்பதியில் நெடுங்காலமாக இருக்கிற வழக்கம். காரணம் ஊரறிந்ததுதான். வாழ்க்கை வெறுத்துப்போனவர்கள் புண்ணியத் தலத்தில் வந்து உயிரை விட்டுவிடுவார்களோ என்ற பயம், அதற்குப் பிறகு போலீஸ், விசாரணை. அந்தப் பயத்தை நான் பழிக்கவில்லை. ஆனால் திருப்பதிக்குத் தனியாக வருகிறவர்களில் பெரும்பகுதி யார்? கணவனை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருப்பவர்கள், வேண்டுதலை நிறைவேற்றாமல் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று கிளம்பி வந்தவர்கள். துணையில்லாதவருக்குத் துணை என்று சொல்லித்தான் அந்தச் சாமியைக் கும்பிடுகிறோம். அவர் ஊரில் துணையில்லாதவருக்குக் கதவு திறக்காதென்றால் அது தப்பு. 60 வயது தாண்டியவர்களுக்காவது இந்த வழக்கத்தைத் தளர்த்த வேண்டும். அடையாள அட்டையும் ஊரில் ஒருவருடைய போன் நம்பரும் வாங்கிக்கொண்டு, தரைத்தளத்தில் ஆள் நடமாட்டம் உள்ள அறையைக் கொடுத்தால் அந்தப் பயத்துக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

மலைமேல் தேவஸ்தானத்திடம் இருப்பவை 7,000க்கும் மேற்பட்ட அறைகள். நாளொன்றுக்கு வருகிறவர்களோ 60,000 முதல் 80,000 பேர். கணக்கு உதைக்கிறது, இனிமேலும் உதைக்கும். மலையைக் குடைந்து கட்டிக்கொண்டே போக முடியாது, போகவும் கூடாது. இத்தனை நெருக்கடியிலும் 50 ரூபாய், 100 ரூபாய் வாடகை அறைகளைத் தேவஸ்தானம் விடாமல் வைத்திருப்பதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். 2023 ஜனவரியில் நாராயணகிரி முதலான சில விடுதிகளின் வாடகை ஒரேயடியாக ஏறியபோது கண்டனம் கிளம்பியது. சாமானியர் தங்கும் 50, 100 ரூபாய் அறைகளில் கை வைக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். அந்த ஆண்டு மார்ச் 1 முதல், அறை வாங்கும்போது முகத்தைப் படம்பிடித்துச் சரிபார்க்கும் முறை வந்தது. ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவருக்கு விற்கும் புரோக்கர்களுக்கு அது நல்ல அடி. அறை கிடைக்காதவர்களுக்குப் பி.ஏ.சி. எனப்படும் யாத்திரிகர் வசதிக் கூடங்கள் இருக்கின்றன. பாய், லாக்கர், குளியலறை எல்லாம் இலவசம். அங்கே படுத்து எழுந்திருக்கிறேன். ஆயிரம் பேருக்கு நடுவே, ஒரு குழந்தை அழுதால் நாலு பேர் எழுந்து உட்காரும் இடம் அது. தூக்கம் குறைவுதான், ஆனால் பயம் இல்லை.

தனியார் லாட்ஜ் விஷயத்தில் அரசின் பங்கையும் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றிருந்ததை மாற்றி, 2022 ஜூலை 18 முதல் 12 சதவீதம் போட்டார்கள். அமிர்தசரஸ் பொற்கோயில் பக்கத்துச் சத்திரங்களைச் சொல்லிப் பஞ்சாபிலிருந்து எதிர்ப்பு வந்ததும், அறநிலையங்கள் தருகிற ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைகளுக்கு வரி இல்லை என்று மத்திய அரசு விளக்கியது. லாட்ஜுக்கு அந்த விலக்கு கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. யாத்திரைத் தலங்களில் சின்ன அறைக்கு அந்த ஐந்தும் வேண்டாம் என்பேன்.

இதெல்லாம் வசதி பற்றிய பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. 2025 ஜனவரி 8 இரவை நினைத்துப் பாருங்கள். வைகுண்ட ஏகாதசி தரிசன டோக்கன் மறுநாள் விடியற்காலை 5 மணிக்குத்தான் என்று அறிவித்திருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் முதல்நாளே வந்து சேர்ந்துவிட்டார்கள். பைராகிபட்டெடாவில் கூட்டத்தை ஒரு பூங்காவுக்குள் நிறுத்தி வைத்திருந்து, கதவு திறந்ததும் நெரிசல். 6 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்கள்; தமிழ்நாட்டிலிருந்து போனவரும் அதில் உண்டு. திட்டமிடலில் என்ன தவறு நடந்தது என்று நிறையப் பேசினோம். அத்தனை பேர் அந்த இரவை ஏன் தெருவில் கழிக்க வேண்டியிருந்தது என்று போதுமான அளவு பேசவில்லை. டோக்கன் கொடுக்கிற ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் படுக்க ஒரு கூடம் இருந்து, படுத்திருக்கிற வரிசையிலேயே டோக்கன் தரப்படும் என்றால், கதவை நோக்கி யாரும் ஓட வேண்டியதில்லை.

கால்வாய் நகரமான வெனிஸில் 2024 ஏப்ரல் 25 முதல், பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். ஊருக்குள் அறை எடுத்து இரவு தங்குகிறவருக்கு அது கிடையாது. கூட்டத்தைக் குறைக்க அவர்கள் கண்ட வழி அது. நம் ஊரில் அது ஆகாது. திருப்பதிக்கு வருகிறவனை வராதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வருகிறவனுக்குப் படுக்க இடம் காட்டுவது ஒன்றுதான் நமக்கு வழி.

அதற்குச் சித்தூரையும் சேர்த்துக்கொள்ளலாம். புரட்டாசியில் வேலூரிலிருந்து மஞ்சள் வேட்டி கட்டி "கோவிந்தா" போட்டுக்கொண்டு நடந்து வருகிறவர்கள் சித்தூர் சாலையில்தான் வருகிறார்கள். வழியெல்லாம் மோரும் சோறும் கொடுக்கிறார்கள். இரவானால் பூட்டிய கடை வாசல்களிலும் கோயில் மண்டபங்களிலும் படுத்துக்கொள்கிறார்கள், லாரிகள் பறக்கிற சாலையிலிருந்து பத்தடி தள்ளி. புரட்டாசி ஒரு மாதம் மட்டும் பள்ளிக்கூடங்களையும் கல்யாண மண்டபங்களையும் இரவில் திறந்துவிட்டால் அந்த ஆபத்து குறையும். வண்டியில் போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: கூட்ட நாளில் திருப்பதியில் அறைக்கு அலையாதீர்கள். சித்தூரிலோ காணிப்பாக்கத்திலோ தங்கிவிட்டு, பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, விடிகாலை பஸ் பிடியுங்கள். சித்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்தான்; 2 மணி நேரத்தில் போய்விடலாம்.

கடைசியாக ஒன்று. மலைமேல் உங்களுக்கு அறை கிடைத்து, தரிசனமும் சீக்கிரம் முடிந்துவிட்டால், 24 மணி நேரத்துக்குக் காசு கட்டியிருக்கிறோமே என்று அறையைப் பூட்டிவைத்துவிட்டுக் கடைத்தெருவைச் சுற்றாதீர்கள். பையை எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுற்றுங்கள். ஒருவர் காலி செய்தால்தான் அடுத்தவருக்கு அறை. கைக்குழந்தையோடு, அறை ஒதுக்கும் சி.ஆர்.ஓ. அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருக்கிற ஏதோ ஒரு குடும்பம் அந்தச் சாவிக்காகத்தான் காத்திருக்கிறது.