கிளெண்டா ஜாக்சன் வீணாக்கிய 23 வருஷம்?!

கிளெண்டா ஜாக்சன் என்று பேச்செடுத்தால் போதும், சினிமா ரசிகர்களிடம் ஒரு புலம்பல் ரெடியாக இருக்கும். 2 ஆஸ்கர் வாங்கிய மகா நடிகை, உச்சத்தில் இருந்தபோது எல்லாவற்றையும் உதறிவிட்டு அரசியலுக்குப் போய் 23 வருஷத்தைப் பாழாக்கிவிட்டாராம். அடடா, என்ன ஒரு நஷ்டம்!

யாருக்கு நஷ்டம்?

முதலில் அந்த "உச்சம்" கதையைப் பார்ப்போம். அவருக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்த படங்கள் 'வுமன் இன் லவ்' (1969), 'எ டச் ஆஃப் கிளாஸ்' (1973). 2 தடவையும் விருதை வாங்க அவர் மேடைக்கே போகவில்லை! பிபிசியின் 'எலிசபெத் ஆர்' தொடரில், தலையின் முன்பக்கத்தை மழித்துக்கொண்டு, சிறுமி முதல் கிழவி வரை அந்த மகாராணியாக அவரே நடித்தது 1971-ல். அவர் எம்.பி. ஆனது 1992-ல். அப்போது வயது 55. அந்த வயதில் ஒரு நடிகைக்கு என்ன வேஷம் கிடைக்கும்? யாருக்காவது அம்மா, இல்லையென்றால் அத்தை. பெண்களுக்கு உருப்படியான பாத்திரங்களை எழுத மாட்டேன் என்கிறார்களே என்று அவரே பலமுறை திட்டித் தீர்த்திருக்கிறார். சமைக்காத விருந்தைச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார் என்று குறை சொல்வதில் என்ன நியாயம்?

அடுத்தது, அவர் எங்கிருந்து வந்தார் என்பது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட்டில் 1936-ல் பிறந்தவர். அப்பா கொத்தனார். 16 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, ஒரு மருந்துக் கடையில் 2 வருஷம் வேலை பார்த்தவர். உதவித்தொகையில்தான் லண்டனின் 'ராடா' நாடகப் பள்ளிக்குப் போனார். இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் அவர் போன்ற குடும்பங்களுக்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவற்றின் மேல் மார்கரெட் தாட்சர் கத்தி வைத்தபோது அவர் கொதித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? பொழுதுபோகாமல் அரசியலுக்கு வந்த ஆள் இல்லை அவர்.

சரி, அரசியலில் என்ன கிழித்தார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். பெரிய பதவி எதுவும் கிடைக்கவில்லை. 1997 முதல் 1999 வரை போக்குவரத்துத் துறையில் இணையமைச்சர், அவ்வளவுதான். லண்டன் மேயர் தேர்தலுக்கு லேபர் கட்சியின் வேட்பாளராக முயன்று தோற்றார். ஆனால் கன்சர்வேடிவ் கட்சியின் கையில் இருந்த வடக்கு லண்டன் தொகுதியைப் பிடித்தார். தொடர்ந்து 5 தேர்தல்களில் ஜெயித்தார். 2010-ல் வித்தியாசம் வெறும் 42 ஓட்டு! 2003-ல் இராக் போர் வாக்கெடுப்பில் சொந்தக் கட்சி அரசையே எதிர்த்து ஓட்டுப் போட்டார். பதவி ஆசை இருக்கிறவர் செய்கிற காரியமா இது?

2013 ஏப்ரலில் தாட்சர் இறந்தபோது நாடாளுமன்றமே எழுந்து புகழ்மாலை சூட்டிக்கொண்டிருந்தது. கிளெண்டா எழுந்தார். பேராசை, சுயநலம் என்று எவற்றையெல்லாம் தீமை எனச் சொல்லி வளர்த்தார்களோ, தாட்சர் காலத்தில் அவையே நற்குணங்களாகிவிட்டன என்று விளாசினார். எதிர்வரிசையில் ஒரே கூச்சல். குரல் பிசிறவில்லை. செத்தவரைப் பற்றி உடனே இப்படிப் பேசலாமா என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ஆனால் செத்த உடனே வரலாற்றைத் திருத்தி எழுதலாம் என்றால், உடனே மறுக்கவும் செய்யலாம்தானே?

2015-ல் நாடாளுமன்றத்தை விட்டு வந்தார். 2016-ல், 80 வயதில், லண்டன் ஓல்ட் விக் அரங்கில் கிங் லியர் ஆனார். ஆமாம், லியர்! ஷேக்ஸ்பியரின் அந்தக் கிழட்டு ராஜா. 2018-ல் 'த்ரீ டால் வுமன்' நாடகத்துக்காக டோனி விருது. 2019-ல் மறதி நோய் பிடித்த மூதாட்டியாக 'எலிசபெத் இஸ் மிஸ்ஸிங்', அதற்கு பாஃப்டா. கடைசியாக மைக்கேல் கெய்னோடு 'தி கிரேட் எஸ்கேப்பர்'. 2023 ஜூனில் அவர் இறந்த பிறகுதான் படம் வெளியானது. 23 வருஷம் பாழான ஒருவரின் நடிப்பா இது?

உண்மையில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இவ்வளவு பெரிய நடிகை மேடைக்குத் திரும்பும்போது, தன் தகுதிக்கு ஏற்ற வேஷத்துக்கு ஒரு ஆணின் பாத்திரத்தைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதே வயதில் ஒரு பெண்ணுக்கு லியர் அளவு கனமான பாத்திரத்தை எத்தனை பேர் எழுதி வைத்திருக்கிறார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த வறுமையைப் பற்றி வாயே திறக்காமல், தன் வாழ்க்கையைத் தனக்குப் பிடித்தபடி செலவழித்தவரிடம் போய்க் கணக்குக் கேட்கிறார்கள்.

இனி யாராவது அந்தப் பழைய புலம்பலை ஆரம்பித்தால், 2013-ன் அந்தப் பேச்சைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு சொல்லட்டும், வீணாய்ப் போனது எதுவென்று.