வாங்கிய கைக்கு விசுவாசம்

தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விளக்கு வைத்த நேரத்துக்குப் பிறகு, வாக்காளர் பட்டியலும் கையுமாக வீதிக்குள் நுழைகிறவர்கள், வீட்டில் எத்தனை வோட்டு என்று கேட்டு, தலையை எண்ணிக் கவரைக் கொடுத்துவிட்டுப் போகும் காட்சி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அந்தத் தலைகளில் ஒன்று, பதினெட்டு வயது நிரம்பி இப்போதுதான் பட்டியலில் ஏறிய பிள்ளையுடையது என்பதையும், அவன் உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போதே அவனுடைய முதல் வோட்டின் கிரயம் திண்ணையில் முடிந்துவிடுகிறது என்பதையும் நாம் கவனிப்பதில்லை.

வேறொருவருக்குப் போடப்போகிறேன் என்று அவன் சொல்லிவிட்டால் பெரியவர்கள் பதறுகிறார்கள். "கை நீட்டி வாங்கியாச்சு, மாற்றிப் போட்டால் பாவமடா" என்கிறார்கள். வாங்கும்போது எட்டிப் பாராத பாவம், வாங்கியபடி நடக்காதபோது மட்டும் வந்து வாசலில் நிற்கிறது! உப்பிட்டவரை மறவாத நம் ஜனங்களின் நல்ல சுபாவத்தையே தூண்டிலாக்கி, சில இடங்களில் விளக்கின்மேல் சத்தியமும் வாங்கிக்கொள்கிறவர்களின் சாமர்த்தியத்தை என்னவென்பது!

இந்த விசுவாசம் தர்மமன்று என்பதே என் கட்சி. சட்ட விரோதமான நோக்கத்துக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கை செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872லேயே சொல்லிவிட்டது; வோட்டுக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றமாயிருக்க, அதிலிருந்து கடமை எப்படிப் பிறக்கும்? விசித்திரமாக, அதே 1872இல்தான், நிலப்பிரபுக்களுக்குப் பயந்தும் பணத்துக்கு மயங்கியும் பலரறியப் பெயர் சொல்லி வாக்களித்துவந்த இங்கிலாந்து மக்களுக்கு இரகசிய வாக்குச்சீட்டு கிடைத்தது. வாங்குகிறவன் சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாதபடி திரை போட்டால் வியாபாரம் கெடும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. அப்படிக் கெட்ட வியாபாரத்துக்கு உயிர் கொடுக்கத்தான் நம் ஊரில் சத்தியம் வந்து சேர்ந்தது.

அப்படியானால் வாங்கிக்கொண்டு மாற்றிப் போடலாமே என்று சிலர் யுக்தி சொல்வார்கள். எனக்கு அது ருசிக்கவில்லை, வாங்குகிறவனும் குற்றவாளிதான். 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும், 2019இல் வேலூரிலும் பணப் பட்டுவாடாவினால் தேர்தலையே ரத்து செய்ய நேர்ந்தது. (அந்த ஊர்களை மட்டும் பழிப்பதும் நியாயமன்று, அகப்பட்டவை அவை.) மேலும், விலை கொடுத்து வாங்கிய அபேட்சகர் எவருக்கும் கடன்பட்டவரல்லர். கிரயம் செய்துகொடுத்த வயலின் விளைச்சலில் பங்கு கேட்பார் உண்டா? ஏரி தூர்ந்து கிடக்கிறது என்று பின்னால் முறையிடப் போகிறவனைப் பார்த்து, அன்றைக்கே கணக்குத் தீர்ந்துவிட்டதே என்று அவர் மனத்துக்குள் நினைத்தால், அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

ஆகவே, கை நீட்டாத பிள்ளையைக் கடன் எதுவும் கட்டுப்படுத்தாது. 1988இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, இருபத்தொன்றைப் பதினெட்டாகக் குறைத்து அவனுக்கு வாக்குரிமை அளித்தது, அவன் விவேகத்தை நம்பித்தான். அபேட்சகர்களின் சொத்து, கடன், நிலுவையிலுள்ள குற்ற வழக்குகள் அனைத்தும் பிரமாணப் பத்திரத்தில் இருக்கின்றன. அதை ஒருமுறை படிக்க அரை மணி போதும். வாக்குறுதிகளைப் படிப்பதற்கு இன்னும் சற்றுப் பொறுமை வேண்டும். சட்டசபைக்கு நிற்கிறவர் ரயில் பாதை கொண்டுவருவேன் என்றால், ரயில்வே மத்திய சர்க்காரின் அதிகாரமாயிற்றே என்று கேட்கத் தெரிய வேண்டும். கல்வியைப் பற்றிப் பேசினால், 1976க்குப் பிறகு அது இரு சர்க்கார்களுக்கும் பொதுவான பட்டியலில் இருப்பதை நினைவூட்டி, எந்த வழியாகச் செய்வீர்கள் என்று விசாரிக்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவரைவிட, கேள்வியைக் கண்டு கோபிக்கிறவரிடம் அதிக ஜாக்கிரதை தேவை.

பெரியவர்களோடு அவன் சண்டையிட வேண்டியதில்லை. மறைப்புக்குப் பின்னால் பொத்தானை அழுத்தியதும் ஒரு சீட்டு, ஏழு விநாடி, அவன் ஒருவனுக்கு மட்டும் முகம் காட்டிவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். திண்ணையில் எண்ணிய தலைகளின் கணக்கோடு அதை முடிச்சுப் போட எவராலும் ஆகாது.